செலஸ்டின் தேடிய துடுப்புப் படம்

ஒரே மாலையில் ஒரே படத்தைப் பார்த்த இரண்டு கூட்டம், அதன் முடிவை இரண்டு விதமாகச் சொன்னால் யாரை நம்புவது? சின்ன வயதில் இதை யாராவது என்னிடம் கேட்டிருந்தால், கீழ் டிவிஷனில் பிறந்தவன் என்பதால் கீழ் டிவிஷனைத்தான் நம்புவேன் என்று சொல்லியிருப்பேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். வேறு பதிலும் தெரியாது. அந்தப் பதிலைத் தேடிப் போய்க் கையோடு கொண்டுவந்தவர் செலஸ்டின் அக்கா.

பினாங்குப் பக்கம், புக்கிட் செலம்பாவிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு குடியிருப்பு. நடுவில் ஒரு மேடும் ஒரு மரப்பாலமும். செலஸ்டினுக்குக் கீழ் டிவிஷன் ஆயாக்கொட்டகையில் வேலை. பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் விடியலில் கொண்டுவந்து விடும் பிள்ளைகளைத் தூளியில் ஆட்டுவதும் கஞ்சி ஊட்டுவதும் அடித்துக்கொண்டால் பிரித்துவிடுவதும் அவர் பாடு. "இந்தத் தோட்டத்துல பாதிப் பேரு மூக்க நான்தான் தொடச்சிருக்கேன். அதனால யாரும் என் முன்னால மூக்க நிமித்த வேணாம்" என்பார்.

அவர் கணவர் மோரிஸ் தோட்டத்து லாரியில் உதவியாள். ஆனால் லாரிக்காக அவரை யாருக்கும் தெரியாது, மைக்குக்காகத்தான் தெரியும். கல்யாணமோ காவடியோ பந்து விளையாட்டோ அந்தோனியார் திருநாளோ, மைக் அவர் கையில்தான் இருக்கும். கணீரென்ற குரல். வீட்டில் மைக் இல்லாவிட்டாலும் அவர் பேச்சு அப்படித்தான். சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பெரியோர்களே தாய்மார்களே, இன்றைய சிறப்பு விருந்தினர் கருவாட்டுக் குழம்பு" என்று அறிவிப்பார். பக்கத்து வீட்டில் இராசாத்தி சிரிக்கும் சத்தம் பலகைச் சுவர் வழியாகக் கேட்கும்.

அந்த வீடு ஒரு நாளில் ஊமையாகிவிட்டது.

1985ஆம் ஆண்டு. சின்னையா மகள் கல்யாணம் தோட்டத்து மண்டபத்தில் நடந்தது. வழக்கம்போல மோரிஸ் மைக்கைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றுக்கொண்டிருந்தார். பின்வரிசையில் மனோகரன் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தான். சுங்கைப் பட்டாணி தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளவட்டம். அவன் குடும்பம் மேல் டிவிஷனிலிருந்து கீழே குடிவந்த குடும்பம்.

"மோரிஸ் அண்ணே, வாழ்த்தெல்லாம் இருக்கட்டும்லா. செத்தவன் எந்திரிச்சு வந்து துடுப்பு சுத்துனானே, அந்தக் கதையச் சொல்லுங்க. மாப்பிள்ள கொஞ்சம் சிரிக்கட்டும்."

"அது கதை இல்ல தம்பி. படத்துல வந்தது" என்றார் மோரிஸ், மைக்கிலேயே.

"நானும் அந்தப் படத்தப் பாத்தவன்தான். மேல் டிவிஷன் திடல்ல, எங்கப்பா பக்கத்துல உக்காந்து பாத்தேன். செத்தான், படம் முடிஞ்சிச்சு. அவனுக்கு உசுரு குடுத்தது ஒங்க மைக்குதான். நீங்க லாரியில ஏறுனதுக்குப் பேசாம சாமியாராப் போயிருக்கலாம்ணே!"

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். மோரிஸ் மைக்கை மேசைமேல் வைத்தார். வந்து செலஸ்டின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் மைக்கைத் தொடவில்லை. கோயிலில் வாசகம் படிக்கக் கூப்பிட்டார்கள், தொண்டை கட்டியிருக்கிறது என்றார். பந்து விளையாட்டுக்குக் கூப்பிட்டார்கள், அதே தொண்டை. வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில். சட்டியைத் திறப்பார், ஊற்றிக்கொள்வார், மூடுவார். இராசாத்தியே ஒரு நாள் வாசலுக்கு வந்து, "என்னக்கா, அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லையா? எங்க வீட்டுல சோறு எறங்க மாட்டேங்குது" என்றார்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1975இல் டப்பாப் பால் விற்கும் கம்பெனி ஒன்று, வேனில் படக்கருவியைக் கொண்டுவந்து தோட்டம் தோட்டமாகத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியது. தமிழ்ப் படம் என்று சொல்லியிருந்தார்கள், கடைசி நேரத்தில் சீனச் சண்டைப் படம்தான் கிடைத்தது. பேசுவது யாருக்கும் புரியாது. அதனால் வழக்கம்போல ஒருவர் மைக்கைப் பிடித்துப் படத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். மோரிசுக்கும் சீனம் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தே, இவன் என்ன சொல்கிறான், அவள் ஏன் அழுகிறாள் என்று சொல்லிவிடுவார்.

கதாநாயகன் ஒரு படகுக்காரன். கையில் கத்தி கிடையாது, துடுப்பு மட்டும்தான். உப்பளத்து மக்களை மிரட்டும் கொள்ளைக்காரர்களைத் துடுப்பாலேயே அடிக்கிறான். கடைசியில் படகுத்துறையில் உடம்பெல்லாம் அம்பு தைத்து விழுந்து சாகிறான். துடுப்பு தண்ணீரில் போகிறது. திடலில் பெண்கள் அழுதார்கள். ஆண்களும் பீடி புகைமேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்தார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்த நேரத்தில் வேன்காரர், "உட்காருங்க, இன்னும் இருக்கு!" என்று கத்தினார். மறுபடி வெளிச்சம் விழுந்தது. பார்த்தால், செத்தவன் உப்பளத்தில் நடந்து வருகிறான்! உடம்பில் ஒரு கீறல் இல்லை.

ஜனம் மொத்தமும் மோரிசைத் திரும்பிப் பார்த்தது. மோரிஸ் ஒரு நொடி திகைத்தார். பிறகு, "மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தான்!" என்று முழங்கினார். திடல் அதிர்ந்தது. படகுக்காரன் மிச்சம் இருந்த கொள்ளைக்காரர்களை உப்புக் குவியல்மேல் போட்டுப் புரட்டினான். ஒரு சின்னப் பெண்ணைப் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனான். மறுநாள் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் நேரத்திலும் அதே பேச்சு. அந்தோனியார் கோயில்காரர்கள் ஏசுவின் மகிமை என்றார்கள். மாரியம்மன் கோயில்காரர்கள் அந்தச் சின்னப் பெண்தான் அம்மன் என்றார்கள். இரண்டு பக்கத்துக்கும் சந்தோஷம். மேல் டிவிஷன்காரர்கள் மட்டும், அதே மாலையில் அதே படத்தைப் பார்த்தவர்கள், "எழுந்தெல்லாம் வரல, செத்ததோட சரி" என்றார்கள். பாதியில் எழுந்துபோனவர்கள் பேச்சை யார் கேட்பது என்று கீழ் டிவிஷன் விட்டுவிட்டது. அந்தப் படத்தின் பெயர்கூட இரண்டு பக்கத்திலும் யாருக்கும் தெரியாது.

செலஸ்டின் அன்று திடலில் முன்வரிசையில் இருந்தவர். தன் கண்ணால் பார்த்தவர். தன் புருஷன் புளுகவில்லை என்று அவருக்குத் தெரியும். 'அந்தப் படத்தக் கொண்டாந்து இவங்க மூஞ்சிக்கு முன்னால ஓட்டுனாத்தான் இந்த மனுசன் வாய் தெறக்கும்' என்று முடிவு செய்தார். அப்போது வீடியோ காலம் வந்துவிட்டது. சுங்கைப் பட்டாணியில் தெருவுக்கு ஒரு டேப் கடை.

மோரிசிடம், தங்கை அகத்தாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பேருந்து ஏறினார். அகத்தா வீட்டில் வீடியோ பெட்டி இருந்தது. முதல் கடையில் ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி. பெயர் தெரியாத படத்தை எப்படிக் கேட்பது? செலஸ்டின் தனக்குத் தெரிந்த மலாயில், சீனப் படம், ஆள் செத்துப்போவான், பிறகு உயிரோடு வருவான் என்றார். முதலாளி முகம் மலர்ந்தது. "அடா, அடா!" இருக்கிறதாம். ஒரு டேப்பை எடுத்துக் கொடுத்தார்.

அகத்தா வீட்டில் போட்டார்கள். சவப்பெட்டி திறந்தது. வெளுத்த முகத்தோடு பிணம் ஒன்று எழுந்து, கையை நீட்டிக்கொண்டு தத்தித் தத்தி வந்தது.

"அக்கா! இதுவா அத்தான் சொன்ன படம்?" அகத்தா தலையணைக்குப் பின்னால் போய்விட்டார்.

"இது இல்லடி. அவன் நல்ல மனுசன். அழகா இருப்பான்."

அடுத்த வாரம் இன்னொரு கடை. செத்தவன் எழுந்து வருவான் என்று சொன்னதும் அங்கேயும் பேய்ப் படம். மெர்போக்கில் ஒரு மளிகைக்கடைக்காரர் டேப்பும் வாடகைக்கு விடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். அவர் கொடுத்ததில் தலை மட்டும் தனியாகப் பறந்தது. அகத்தா கையெடுத்துக் கும்பிட்டார்.

"அக்கா, ஒனக்குப் புண்ணியமாப் போகும். அத்தான் பேசாட்டி பரவால்ல, எனக்குத் தூக்கம் வேணும். சமையக்கட்டுக்குத் தனியாப் போக முடியல."

"ஒம் புருசன் பேசாம இருந்தா ஒனக்குத் தெரியும்."

"எம் புருசனா? பேசாம இருந்தா மெழுகுவத்தி ஏத்துவேன்."

சிரித்தாலும், பேருந்தில் திரும்பும்போது செலஸ்டினுக்கு மனசு சோர்ந்தது. தேடுவதை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார்.

கோத்தா கோலா மூடாவிலிருந்து மோட்டாரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வருவார் ஆ ஹெங். தோட்டத்துப் பெண்களிடமே பேசிப் பேசித் தமிழ் கற்றவர். ஆயாக்கொட்டகை வாசலில் செலஸ்டின் கெம்போங் மீனைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் நின்றார்.

"என்னா அக்கா, மீன் மேலே கோவமா?"

"மீன் மேல இல்ல தவுக்கே. ஒங்க சீனப் படத்து மேல." சொல்லத் தொடங்கியவர், இந்த முறை செத்ததையும் எழுந்ததையும் முதலில் சொல்லவில்லை. அலுத்துப்போய், துடுப்பிலிருந்து தொடங்கினார். "ஒருத்தன் கத்தி இல்லாம, வெறும் படகுத் துடுப்ப வச்சே…"

ஆ ஹெங் தராசைக் கீழே வைத்தார். "உப்புக் காய வைக்கிற எடத்துலே சண்டை? சின்ன பொம்பளப் புள்ளே படகுலே?"

"அதான்! அதேதான்!"

"ஐயோ அக்கா! எங்க ஊர்லே எல்லாரும் படகுக்காரன்லா. அந்தப் படம் எங்களுக்குச் சாமி மாதிரி. என் மாமா காப்பிக்கடையிலே தெனம் ஓடுது. டேப்பு தேஞ்சி போச்சி."

அடுத்த ஞாயிறு செலஸ்டின் கோத்தா கோலா மூடாவுக்குப் போனார். ஆற்றுமுகத்தில் படகுகள், கருவாட்டு வாடை, பலகைக் காப்பிக்கடை. மதிய நேரம். வலை பின்னுகிறவர்களும் டோமினோ ஆடுகிறவர்களுமாக ஆண்கள் கூட்டம். சேலை கட்டிய தமிழ்ப் பெண் ஒருவர் தனியாக வந்து தொலைக்காட்சிக்கு நேர் எதிரே உட்கார்ந்ததும் ஆட்டம் சற்று நின்றது. ஆ ஹெங்கின் மாமா சூடாக ஒரு மைலோ கொண்டுவந்து வைத்துவிட்டு டேப்பைப் போட்டார்.

முதல் காட்சியிலேயே செலஸ்டினுக்குக் கண் கலங்கியது. அதே முகம், அதே துடுப்பு. சண்டை வரும்போது கடைக்காரர்கள் தலை நிமிர்ந்து பார்த்து, "ஆ!" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார்கள். உப்பளச் சண்டை வந்தது. சின்னப் பெண்ணைப் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனான். செலஸ்டினுக்குக் குழப்பம். இன்னும் சாகவே இல்லையே, அதற்குள் எப்படி இது வந்தது? பிறகு படகுத்துறை வந்தது. அம்புகள் வந்தன. விழுந்தான். துடுப்பு தண்ணீரில் போனது. சீன எழுத்து வந்தது. திரையில் வெறும் புள்ளிகள்.

அவர் காத்திருந்தார். மாமா வந்து பெட்டியை அணைத்தார்.

"எந்திரிச்சு வருவானே?" என்று ஆ ஹெங்கிடம் கேட்டார் செலஸ்டின்.

ஆ ஹெங் கேட்டுச் சொன்னார். மாமா சிரிக்கவில்லை. செத்தவர் செத்தவர்தான் என்பதுபோலக் கையை மெல்ல விரித்தார்.

செலஸ்டின் யோசித்துப் பார்த்தார். மனோகரன் சொன்னது சரி. ஆனால் தான் பார்த்ததும் பொய் இல்லை. ஒரு காட்சிகூடக் குறையவில்லை. எல்லாம் இருந்தது, வரிசைதான் மாறியிருந்தது. மாமா இரவல் கொடுத்த டேப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வரும்போது, கொட்டகைப் பிள்ளைகள் சட்டையைப் போட்டுப் பொத்தானை மாற்றி மாட்டிக்கொண்டு நிற்பது ஞாபகம் வந்தது. அன்று படத்தை யார் மாற்றி மாட்டியது?

நேராகக் குழந்தைவேலு வீட்டுக்குப் போனார். அந்த நாளில் டிவிஷனுக்கு ஒரு வேன் வந்தாலும் இரண்டு டிவிஷனுக்கும் ஒரே படச்சுருள்தான். மேலே ஒரு பாகம் ஓடி முடிந்ததும், அந்தத் தகர டப்பாவை மோட்டாரில் வாங்கிவந்து கீழே கொடுத்தவர் அவர்தான்.

"அண்ணே, அன்னிக்குக் கடைசி டப்பாவ எப்பக் கொண்டாந்தீங்க?"

"எதக் கேக்குறே? கடைசி ரெண்டையும் சேத்துத்தான் கொண்டாந்தேன். மேட்டுல டயரு பஞ்சர். ஒட்டிட்டு மேல போறதுக்குள்ள அவங்களுக்குப் படமே முடிஞ்சி போச்சு. ரெண்டு டப்பாவையும் வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தேன்."

"எது மொதல்லன்னு சொன்னீங்களா?"

"எனக்கென்னம்மா தெரியும்? டப்பா மேல சீன எழுத்து. அந்த வேன்காரத் தம்பியும் நம்மாளு, அவனுக்கும் அதப் படிக்கத் தெரியாது. நாந்தான் படத்தையே பாக்கலியே. ரோட்டுலதான இருந்தேன்! ஏன், எதுனா தப்பா?"

"ஒண்ணும் இல்லண்ணே. ரொம்ப நல்லது பண்ணீங்க" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் செலஸ்டின் படியிறங்கினார்.

ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. மீனவர் ஊர் டேப் சிறியது, பீட்டா வகை. அகத்தா வீட்டுப் பெட்டி பெரிய டேப் போடுவது. கீழ் டிவிஷனில் பீட்டா பெட்டி இருந்த ஒரே வீடு மனோகரன் வீடு. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது.

செலஸ்டின் போய்க் கதவைத் தட்டினார்.

"துடுப்புப் படமா? நெசமா கெடச்சிருச்சா?" மனோகரன் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "போடலாம்க்கா. ஆனா மண்டபத்துல, எல்லாரு முன்னாலயும். அண்ணனும் வரணும்."

"அதுக்குத்தாண்டா வந்தேன். நீயும் மூக்கத் தொடச்சிட்டு வா."

மோரிசைக் கூட்டிவருவதுதான் கடினமாக இருந்தது. "எதுக்கு? மறுபடி சிரிக்கவா?" என்றார். செலஸ்டின் அவர் சட்டையை எடுத்து நீட்டி, "நான் பாத்துட்டேன். நீங்க சொன்ன ஒவ்வொண்ணும் அதுல இருக்கு. என்ன நம்புனா வாங்க" என்று மட்டும் சொன்னார். முழுவதும் சொல்லிவிடலாம்தான். ஆனால் கேட்டு நம்புவது வேறு, பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிறு பிற்பகல் மண்டபம் நிரம்பிவிட்டது. மனோகரன் பெட்டியை மேசைமேல் வைத்து ஓட்டினான். மோரிஸ் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில். படகுக்காரன் விழுந்தான். துடுப்பு போனது. புள்ளிகள் வந்தன.

சின்னையா பின்னால் திரும்பி மோரிசைப் பார்த்தார். மோரிஸ் எழுந்து வாசல் பக்கம் ஓரடி வைத்தார்.

"மனோகரா, டேப்பக் கொஞ்சம் பின்னால ஓட்டு. உப்பளத்துக்குப் போ" என்றார் செலஸ்டின்.

"எதுக்குக்கா? படம் முடிஞ்சிருச்சே."

"ஓட்டுடா."

டேப் கிறீச்சிட்டுப் பின்னால் ஓடியது. நிறுத்திப் போட்டான். செத்தவன் உப்பளத்தில் நடந்து வந்தான், கீறல் இல்லாமல். மண்டபத்தில் யாரோ "ஆங்!" என்றார்கள். இராசாத்தி எழுந்தே விட்டார். "இதான்! இதத்தான் நாங்க கடைசியா பாத்தோம்!"

செலஸ்டின் பஞ்சரையும் இரண்டு டப்பாவையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் குழந்தைவேலு, "அட கடவுளே, செத்தவனுக்கு உசுரு குடுத்தது நானா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். சிரிப்பு வெடித்தது. ஆனால் அது மோரிசைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை. முதலில் சிரித்தது மோரிஸ்தான். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மனோகரன் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு மூலையில் இருந்த மைக்கை எடுத்துக்கொண்டு நடந்தான். மோரிஸ் முன்னால் போய் நின்றான்.

"அண்ணே, நானும் பொய் சொல்லல. நீங்களும் சொல்லல. இந்தப் படம் யாருக்கும் புரியல. மறுபடி போடுறேன், சொல்லுங்கண்ணே."

மோரிஸ் மைக்கைப் பார்த்தார். பிறகு செலஸ்டினைப் பார்த்தார். "தொண்ட கட்டியிருக்கு" என்றார் தயக்கமாக.

"கட்டுனவ நாந்தான் இங்க நிக்கிறேன். தொண்டைய அவுத்து விடுங்க" என்றார் செலஸ்டின்.

மோரிஸ் மைக்கை வாங்கி இரண்டு முறை ஊதினார்.

"கீழ் டிவிஷன் பொதுமக்களுக்கு ஒரு வருத்தமான அறிவிப்பு. நம்ம படகுக்காரர் இன்று பிற்பகல் உறுதியாகக் காலமானார். இத்தனை வருடம் காலதாமதம் ஆனதற்குக் காரணம், குழந்தைவேலு அவர்களின் பின்சக்கரம்…"

மிச்சம் கேட்கவில்லை. "வேணாம், எழுப்பு! எழுப்பு!" என்று கூச்சல். மனோகரன் டேப்பை முதலிலிருந்து போட்டான். சாகும் இடம் வந்ததும் யாரும் சொல்லாமலே அவனாகப் பின்னால் ஓட்டினான். செத்தவன் உப்பளத்தில் வந்து நின்றான். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தான் என்று முழங்கியது மோரிஸ் மட்டும் இல்லை, மண்டபம் மொத்தமும். செலஸ்டின் நடுவரிசையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது மேல் டிவிஷன் இல்லை. வீடுகளைத் தட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் மெர்போக், சுங்கைப் பட்டாணி, பினாங்கு என்று பிரிந்துபோனார்கள். கீழ் டிவிஷன்காரர்கள் புளுகர்கள் என்று அவர்களில் பலர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கலாம். நாங்களும் அவர்களைப் பாதியில் எழுந்துபோனவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இதைப் படிக்கிற உங்களுக்கு அவர்களில் ஒருவரையாவது தெரிந்திருந்தால், தயவுசெய்து இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் பார்த்தது உண்மைதான் என்று சொல்லுங்கள். கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.